கொல்லைச் சாமை: ஆடிப்பெருக்குக்கு முன்பே விதைக்க வேண்டும்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று மனைகளாகிவிட்டன. பல விவசாயக் குடும்பங்களுக்கு வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து, பத்து சென்ட் கொல்லைதான் மிச்சம். அதையும் பலர் தரிசாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். கிணற்றில் கோடையில் தண்ணீர் இருப்பதில்லை. காய்கறி போட்டால் தினம் ஊற்ற வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்றது சாமை. இது புல் இனத்தைச் சேர்ந்த குட்டைப் பயிர். முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும். விதைத்த 75 நாள் முதல் 90 நாளுக்குள் கதிர் முற்றி, ஒரே போகத்தில் வாழ்நாள் முடிந்துவிடும். மனிதருக்கு அரிசியும் மாட்டுக்குத் தாளும் கிடைக்கும். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தப் பயிரின் பலன் விதைக்கும் நாளைப் பொறுத்தது. பத்து நாள் தவறினால் கதிர் முற்றும் நேரத்தில் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும்.

புல்தரையும் சாமையும்

புதிதாக வீடு கட்டுவோர் முன்புறத்தில் புல்தரை போடுவது வழக்கமாகி வருகிறது. கோடையில் ஒரு புல்தரை நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீரை உறிஞ்சி ஆவியாக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்ட் பரப்புக்குத் தினம் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து சென்ட்டுக்கு 1,000 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் ஊர்களில் இது கட்டுப்படியாகாத செலவு. 2019 கோடையில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் குடிநீருக்கே அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

சாமைக்கு மழை நீரே பெரும்பாலும் போதும். மழை பொய்த்தால் இரண்டு தடவை உயிர்த் தண்ணீர் விட வேண்டியிருக்கும். ஐந்து சென்ட்டுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் பிடிக்கும். ஆக, ஒரு போகம் முழுவதற்கும் ஆகும் தண்ணீர் புல்தரையின் நான்கு நாள் செலவுதான்.

வறட்சியை எப்படித் தாங்குகிறது?

சாமையின் வேர் சல்லி வேர். மேல் மண்ணில் நெருக்கமாகப் படர்ந்து, சிறு தூறல் விழுந்தாலும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் கடுமையானால் இலை சுருண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கும். சோளம், கம்பு போலவே இதுவும் குறைந்த நீரில் கூடுதலாக உணவு தயாரிக்கும் வகைப் புல். ஈரம் இல்லாதபோது வளர்ச்சியை நிறுத்தி வைத்து, மழை பெய்ததும் மீண்டும் தூர் விடும். சில நாள் தண்ணீர் தேங்கினாலும் மற்றச் சிறுதானியங்களைவிட ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஒரு வாரம் காய்ந்து, அடுத்த நாளே தண்ணீர் கட்டும் இந்த வட்டாரத்துக்கு இந்தக் குணம் மிகவும் பொருத்தம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வறட்சியைத் தாங்குவது வேர் பிடித்த பயிர்தான், முளை தாங்காது. விதைத்த நாளிலிருந்து முதல் 20 நாள்கள் மேல் மண்ணில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். "வறட்சிப் பயிர்தானே" என்று காய்ந்த புழுதியில் விதையைத் தூவிவிட்டுப் போனால், ஒரு தூறலில் முளைத்து அடுத்த வெயிலில் கருகிவிடும். அதன் பிறகு பயிரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது பொதுவான பழமொழி. பல விவசாயிகள் ஆடிப்பெருக்கு அன்று விதைப்பதை நல்ல நாளாகக் கருதுகிறார்கள். மேற்கு மாவட்டங்களுக்கும் மலைப் பகுதிகளுக்கும் அது சரியாக இருக்கலாம். கடலோரச் செங்கல்பட்டுக்குக் கணக்கு வேறு.

இங்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. அந்தப் பருவம் வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3. அன்று விதைத்த 80 நாள் சாமை அக்டோபர் 22 வாக்கில்தான் அறுவடைக்கு வரும். அதாவது அடைமழை தொடங்கும் நாளில் கதிர் முற்றி நிற்கும். சாமையின் தாள் மெலிந்தது. மழையும் காற்றும் சேர்ந்தால் படுத்துவிடும். படுத்த கதிரில் மணி முளைக்கும் அல்லது பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே இந்த வட்டாரத்தில் ஆனி கடைசி வாரத்திலிருந்து ஆடி முதல் வாரத்துக்குள், அதாவது ஜூலை 10 முதல் 22-க்குள் விதைத்துவிட வேண்டும். 80 நாள் ரகமானால் புரட்டாசி நடுவிலிருந்து அதன் நான்காம் வாரத்துக்குள் அறுவடை முடியும். கதிரைக் காயவைக்க ஒரு வாரம் கையில் இருக்கும். 90 நாள் ரகமானால் ஆனிக்குள்ளேயே விதைப்பது நல்லது. தென்மேற்குப் பருவத்தில் இங்கு மாலையிலும் இரவிலும் இடி மழை விழும். அப்படி ஒரு நல்ல மழை கிடைத்த மறுநாள் விதைக்கலாம். மழை வராவிட்டால் ஆடிப்பெருக்குவரை காத்திருக்க வேண்டாம். ஒரு முறை நீர் தெளித்து நிலத்தை நனைத்துவிட்டு விதைப்பதே மேல்.

ஏன் வரகு வேண்டாம்?

வரகும் வறட்சி தாங்கும் பயிர்தான். ஆனால் அதற்கு 110 நாளுக்கு மேல் ஆகும். இந்தக் கரையில் அது கட்டாயம் ஐப்பசி மழையில் மாட்டும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகைத் தின்றால் மயக்கமும் வாந்தியும் வரும் என்பது பழைய அனுபவம். 'கிறுக்கு வரகு' என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகுப் பயிரை மேய்ந்த 10 யானைகள் இறந்தன. அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது ஆய்வில் தெரியவந்தது.

சாமைக்கு வரகைப் போல அந்தக் கெட்ட பெயர் இல்லை. ஆனாலும் பூஞ்சணம் பிடித்த எந்தத் தானியத்தையும் மனிதரும் உண்ணக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. அறுவடை நாளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகவே.

ரகங்கள்

கோயமுத்தூரில் 1923-ல் தானியப் பயிர்களுக்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாமையில் பல ரகங்களை வெளியிட்டுள்ளது. கோ 4 என்ற ரகம் 75 முதல் 80 நாளில் விளையும். கொல்லைக்கு இதுவே வசதி. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் உருவாக்கிய ஏ.டி.எல். 1 ரகத்துக்கு 85 முதல் 90 நாள் ஆகும். இது எளிதில் சாயாதது. ஆனால் முன்கூட்டியே விதைக்க முடிந்தவர்களுக்கே ஏற்றது.

கடையில் சமையலுக்கு விற்கும் சாமை அரிசி விதைக்கு உதவாது. அது உமி நீக்கியது, முளைக்காது. உமியுடன் கூடிய விதைச் சாமையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிலம் தயாரித்தல்

நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பார்க்க வேண்டும். மா, வேம்பு நிழலில் சாமை தூர் விடாது. இந்த வட்டாரத்துக் கொல்லைகளில் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்திருக்கும். மாமல்லபுரம் பக்கம் போகப் போக மணற்பாங்கு கூடும். இரண்டிலும் சாமை வரும். வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, கலவைக் கழிவு ஆகியவற்றை முதலில் பொறுக்கி அகற்ற வேண்டும். சவுடு கொட்டி மேடாக்கிய இடமானால் அதில் சத்து இராது. முதல் ஆண்டு எருவைக் கூட்டிப் போட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் ஒரு முறை கொத்திப் போட்டால் களை வேர் வெயிலில் காயும். கோரைக் கிழங்கு இருந்தால் அப்போதே தோண்டி எடுத்துவிட வேண்டும். விதைப்புக்கு முன் மறுபடி கொத்தி, கட்டி உடைத்து, பரம்படித்ததுபோல் சமன் செய்யவேண்டும். விதை மிகச் சிறியது. பெருங்கட்டிக்கு அடியில் போனால் வெளியே வராது. சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு எரு போதும். பச்சைச் சாணம் போடக் கூடாது. தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு வாய்க்கால் இழுத்து வைப்பது அவசியம்.

விதைப்பு

சென்ட்டுக்கு 40 கிராம் விதை. ஐந்து சென்ட்டுக்கு 200 கிராம். இந்த 200 கிராம் விதையுடன் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்த இரண்டு தேக்கரண்டி அசோஸ்பைரில்லம் உயிர் உரத்தைக் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்த வேண்டும்.

விதையைக் கையால் வீசுவது சுலபம். ஆனால் கொல்லையில் வரிசை விதைப்பே சிறந்தது. சாமையின் இளம் பயிரும் புல் களையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வரிசையில் இருப்பது பயிர், இடையில் இருப்பது களை என்று அடையாளம் காண வேறு வழி இல்லை. ஒரு சாண் இடைவெளியில் குச்சியால் கோடு கிழித்து, நான்கு பங்கு மணலுடன் கலந்த விதையைக் கோட்டில் தூவி, அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை மண் மூடினால் போதும்.

விதைத்த பின் வேகமான மழை பெய்து வெயில் காய்ந்தால் செம்மண் மேலே ஓடுபோல் இறுகும். முளை அதை உடைத்து வராது. முள் கிளை ஒன்றை மெதுவாக மேலே இழுத்து அந்த இறுக்கத்தை உடைத்துவிட வேண்டும்.

கோழி வளர்ப்போர் முதல் 20 நாள் கொல்லையைச் சுற்றி அடைப்பு வைக்காவிட்டால் விதையும் முளையும் மிஞ்சாது. கடற்கரை ஊர்களில் கிடைக்கும் பழைய மீன் வலை இதற்குப் போதுமானது.

களையும் உரமும்

15 முதல் 20 நாளில் முதல் களை எடுத்து, அப்போதே செடிக்குச் செடி நான்கு அங்குலம் இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய நல்ல நாற்றைச் சொக்கை விழுந்த இடத்தில் ஈரம் உள்ள மாலையில் நடலாம். 35 முதல் 40 நாளில் இரண்டாம் களை. அதற்குப் பிறகு பயிர் மூடிக்கொள்ளும். களை தலை தூக்காது.

எரு நன்றாக இட்ட கொல்லையில் செயற்கை உரம் இல்லாமலும் விளையும். உரம் இட விரும்புவோர் ஐந்து சென்ட்டுக்கு 2 கிலோ யூரியாவும் 2¾ கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் கணக்கிடலாம். சூப்பர் முழுவதையும் பாதி யூரியாவையும் அடியுரமாகவும், மீதி யூரியாவை முதல் களைக்குப் பின் ஈரத்திலும் இட வேண்டும். பயிர் கருகருவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் யூரியாவைக் கூட்டினால் தாள் நீண்டு, மழையில் சாய்ந்துவிடும்.

முதல் 20 நாளுக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் தேவைப்படும் சமயம் கதிர் வெளிவரும் நேரம். விதைத்த 45 நாளுக்குப் பிறகு பத்து நாள் மழை இல்லாமல் இலை காலையிலேயே சுருண்டிருந்தால் ஒரு தண்ணீர் கொடுக்க வேண்டும். சமையலறையில் அரிசி, காய் கழுவிய நீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தலாம்.

பூச்சியும் பறவையும்

சாமைக்கு முக்கிய எதிரி குருத்து ஈ. இளம் பயிரில் இதன் புழு தண்டுக்குள் புகுந்து நடுக்குருத்தைத் தின்னும். குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். காலம் கடந்து விதைத்த பயிரில்தான் இது அதிகம். பெருக்குக்கு முன் விதைக்க இதுவும் ஒரு காரணம். பாதித்த செடிகளைக் கலைக்கும்போதே பிடுங்கி அழித்துவிட்டால் கொல்லை அளவில் மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

கதிர் பால் பிடித்ததும் குருவியும் புறாவும் வரும். வண்டலூர்க் காட்டை ஒட்டிய ஊர்களில் மயிலும் சேர்ந்துகொள்ளும். சுற்றிலும் தரிசாகக் கிடக்கும் மனைகளுக்கு நடுவில் ஐந்து சென்ட் கதிர் மட்டும் நின்றால் எல்லாப் பறவையும் அங்கேதான் இறங்கும். அக்கம்பக்கத்து வீட்டாரும் அதே வாரத்தில் விதைத்தால் சேதம் பிரிந்து போகும். கடைசி மூன்று வாரம் வலையோ பழைய புடவையோ போர்த்திக் காப்பாற்ற வேண்டும்.

அறுவடை

கதிரில் முக்கால் பங்கு பழுப்பேறியதும் அறுக்கலாம். முற்றிலும் காயும்வரை விட்டால் மணி உதிரும். காலைப் பனி ஈரத்தில் அறுத்தால் உதிர்வு குறையும். இரண்டு மூன்று நாள் தாளோடு காயவிட்டு, தடியால் அடித்து மணி பிரிக்கலாம்.

புரட்டாசியிலும் மாலை மழை உண்டு. வானம் இருண்டால் அரிக்கட்டைக் குவித்து மூடி வைக்கக் கூடாது. ஈரக் குவியல் ஒரே இரவில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். தாழ்வாரத்திலோ திண்ணையிலோ காற்றாடப் பரப்பி வைக்க வேண்டும். மணியைப் பல்லில் கடித்தால் 'நறுக்' என்று உடையும்வரை காயவைத்தே சேமிக்க வேண்டும்.

பாடுபட்டால் சென்ட்டுக்கு 4 முதல் 5 கிலோ சாமை எதிர்பார்க்கலாம். ஐந்து சென்ட்டில் 20 கிலோ கிடைத்தாலும் உமி நீக்க ஏறத்தாழ 12 கிலோ அரிசி தேறும். வாரம் ஒரு வேளை 400 கிராம் சமைக்கும் வீட்டுக்கு இது 30 வாரத்துக்கு வரும். இது விற்றுப் பணம் பார்க்கும் பயிர் அல்ல. வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்குமான பயிர் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

உமி நீக்க இடம் உண்டா?

சாமையில் இறங்குவோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். கேழ்வரகை அப்படியே மாவாக்கலாம். சாமைக்கு உமி கெட்டியானது. அதை நீக்காமல் சமைக்க முடியாது. நெல் அரைக்கும் மில்லில் இந்தச் சிறு மணி சரியாக அரைபடாது. முன்பு வீடுகளில் திருகையும் உரலும் இருந்தன. இன்று சிறுதானியத்துக்கென்று தனி இயந்திரம் தேவை. அது எங்கே இருக்கிறது, எத்தனை கிலோ இருந்தால் அரைத்துத் தருவார்கள் என்பதை விதைக்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் கொண்டுபோனால் வண்டிச் செலவும் குறையும். வசதி கிடைக்காதவர்கள் அந்த இடத்தில் மார்கழிப் பட்டத்துக் கேழ்வரகைப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் அரைக்க வேண்டாம். உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக் கணக்கில் கெடாது. உமி நீக்கிய அரிசி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். தேவைக்கேற்ப அரைத்துக்கொள்வது நல்லது.

அறுவடைக்குப் பின்

சாமைத் தாள் மாட்டுக்கு நல்ல தீவனம். கட்டையை மட்டும் நிலத்தில் விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் மேல் மண் கரைந்து ஓடாமல் பிடித்து வைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, ஒவ்வொரு கொல்லையும் கொஞ்சம் மழை நீரை உள்ளே இறக்குவதன் அருமை புரியும். மார்கழி, தையில் மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே பச்சைப் பயறோ உளுந்தோ தூவினால் நிலத்துக்குத் தழைச்சத்தும் சேரும். வரப்பு ஓரத்தில் சாமையோடு சேர்த்து ஊன்றிய துவரை, தை, மாசியில் காய்க்கும்.

2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு விதையும் விவரமும் முன்னைவிட எளிதாகக் கிடைக்கின்றன. இந்த வட்டார விவசாயிகள் தங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வைகாசி மாதத்திலேயே அணுகி விதைக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஆடி பிறந்த பின் விதை தேடிப் புறப்பட்டால், விதை கைக்கு வரும்போது பெருக்கும் கடந்திருக்கும்.

முதல் ஆண்டு விளைச்சலில் பருத்த, சுத்தமான கதிர்களாகப் பார்த்து ஒரு கிலோ மணியைத் தனியே உலர்த்தி, வேப்பிலை போட்டு மண் பானையில் கட்டி வைத்தால் அடுத்த ஆனிக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஒரு கிலோவில் பக்கத்துக் கொல்லைகள் நான்குக்கும் கொடுக்கலாம்.